இரண்டு மாதம் பயோட்டின் கொடுத்தும் குளம்பு வெடிப்பு மாறவில்லையா?

அண்ணை, உங்கள் 250 கிலோ மட்டக்குதிரைக்கு இரண்டு மாதமாகத் தினமும் 5 மில்லிகிராம் பயோட்டின் என்ற விற்றமின் கொடுத்தும் குளம்பு வெடிப்பு அப்படியே இருக்கிறது, நிறுத்தவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம். வெடித்த குளம்பைப் பயோட்டின் ஒட்டாது. மயிர் முடிகிற விளிம்பிலிருந்து புதிதாக இறங்கும் பகுதியைத்தான் அது பலமாக்கும். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர்தான் வளரும். முன்பக்கம் முழுதாக மாற 9 மாதம், சிலவேளை ஒரு வருடம். விளிம்புக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு வழுவழுப்பாக இறங்கியிருக்கிறதா என்று ஒருக்கா பாருங்கள். அதோடு அளவும் காணாது. 500 கிலோ குதிரைக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்பது வழக்கம், உங்களுடையதற்கு அதில் பாதி, அதாவது 7.5 முதல் 10 மில்லிகிராம் வேண்டும்.

உண்மையில் எனக்கு உறுத்துவது நீங்கள் வைக்கும் தவிடு. அதில் பொசுபரசு அதிகம், கல்சியம் குறைவு. தவிட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். தீனியில் துத்தநாகச் சத்தும் செப்புச் சத்தும் குறைந்தாலும் குளம்பு தேறாது.

நெடுந்தீவில் காட்டில் திரியும் குதிரைகளுக்கு யார் பயோட்டின் கொடுத்தது என்று கேட்டீர்களே! அவை நாள் முழுக்கக் கல்லுத் தரையில் நடந்து குளம்பைத் தானே தேய்த்துக்கொள்கின்றன. உங்களுடையது கட்டையில் கட்டியபடி நிற்கிறது. 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை குளம்பைச் சீவியே ஆக வேண்டும். நொண்டினால் மட்டும் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.