நுண்துகள் அளவீடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் சென்சார் 180 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

எது 180? கனமீட்டருக்கு 180 மைக்ரோகிராமா, காற்றுத் தரக் குறியீடா? ஒரு நிமிட அளவா, 24 மணி நேரச் சராசரியா? ஒன்றும் எழுதவில்லை. அலகும் சராசரி நேரமும் இல்லாத எண்ணுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று எத்தனை முறை எழுதுவது? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பிஎம் 2.5-க்கு (2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்) தந்த வழிகாட்டு அளவு, கனமீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 5, 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராம். ஒரு நிமிடத்துக்கென்று அதில் அளவே கிடையாது. விவரம் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: மூடுபனி விழும் அதிகாலையில் என் லேசர் சென்சார் எகிறுகிறது. பக்கத்தில் இருக்கும் பீட்டா கருவி அப்படிக் காட்டவில்லை. எதை நம்புவது?

பீட்டாவை. தாளில் சேர்ந்த துகள் பீட்டா கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து எடையைச் சொல்லும் கருவி அது. லேசர் சென்சார் எடை போடுவதில்லை, துகளில் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் சல்பேட், நைட்ரேட் துகள்கள் நீரை இழுத்து வீங்கிவிடும். துகள் அதேதான், சிதறும் ஒளி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். பனித்துளிகளையும் சென்சார் துகளாகவே எண்ணும். பீட்டா கருவியோ உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகுதான் அளக்கிறது. சென்சாரை அதன் பக்கத்திலேயே சில வாரம் ஓடவிட்டுத் திருத்தக் காரணி கண்டுபிடியுங்கள். ஒரு பருவத்தில் கண்டது அடுத்த பருவத்துக்கு ஒத்துவராது. இன்னொருவர் வேறோர் இடத்தில் போட்ட சூத்திரத்தை எடுத்து ஒட்டாதீர்கள்.

கேள்வி: புழுதிப்புயல் அன்று அதே வகைச் சென்சாரில் பிஎம் 10 (10 மைக்ரான் வரையுள்ள துகள்) ஏன் இவ்வளவு குறைவு?

பெரிய துகள் அதன் கண்ணில் சரியாகப் படுவதில்லை. அது காட்டும் பிஎம் 10 பெரும்பாலும் சின்னத் துகளை வைத்துப் போட்ட கணக்கு. புழுதி நாளில் அதைப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: செயற்கைக்கோள் வரைபடத்தில் எங்கள் வட்டாரம் முழுக்கக் கருஞ்சிவப்பு. தரை நிலையம் "பரவாயில்லை" என்கிறது. நிலையம் பொய் சொல்கிறதா?

இல்லை. உங்களுக்கு வரைபடத்தை அனுப்பியவர்தான் தலைப்பைத் தப்பாகப் போட்டிருக்கிறார். கீழே "பிஎம் 2.5" என்று எழுதியிருக்கிறது, படமோ ஏஓடி. மாதாமாதம் இதே படம் வேறு வேறு தலைப்பில் எனக்கு வருகிறது. போன முறை ஒருவர் ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவியின் நைட்ரஜன் டை ஆக்சைடு படத்தை "தூசி" என்று அனுப்பியிருந்தார். அது வாயு, துகளே அல்ல!

ஏஓடி என்பது தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை துகள்கள் தடுத்த ஒளியின் மொத்தக் கணக்கு. அதற்கு அலகு கிடையாது. 0.1 என்றால் தெளிந்த வானம், 1 என்றால் நல்ல மங்கல். நீங்கள் மூச்சு இழுப்பது அந்தக் காற்றுத் தூணின் அடியில், ஒன்றிரண்டு மீட்டரில். காட்டுத்தீப் புகை 3 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோனால் படம் சிவக்கும், தரையில் ஒன்றும் தெரியாது. அதே அளவு துகள் இரவில் 200 மீட்டர் அடுக்குக்குள் அடைபட்டால் ஒரு செறிவு, நடுப்பகலில் 2 கிலோமீட்டர் வரை கலந்தால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஏஓடி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். வீங்கிய துகள் சமாச்சாரம் இங்கேயும் உண்டு: செயற்கைக்கோள் துகளை ஈரத்தோடு பார்க்கிறது, தரை நிலையத்தில் துகளை வடிதாளில் பிடித்து உலர்த்தி எடை போடுகிறோம்.

அப்புறம் நேரம். நாசாவின் செயற்கைக்கோள்களில் டெரா காலை பத்தரைக்கும் அக்வா மதியம் ஒன்றரைக்கும் கடக்கும்படி ஏவப்பட்டவை. இப்போது இரண்டுமே அந்த நேரத்திலிருந்து நகர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த ஒரு நொடிப் படத்தை 24 மணி நேரச் சராசரியோடு ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? அவற்றில் இருக்கும் மோடிஸ் கருவியின் ஏஓடியில் நிலத்தின் மேல் 0.05-ம் கூடவே 15 சதவீதமும் பிழை வரலாம். ஏரோநெட் என்ற தரை வலையமைப்பின் ஒளிமானி நேராகச் சூரியனைப் பார்த்து அளப்பதால் பிழை 0.01, 0.02-க்குள் நிற்கும். அதனால்தான் செயற்கைக்கோளைச் சரிபார்க்க அதை வைத்திருக்கிறோம்.

செயற்கைக்கோளை ஒதுக்கச் சொல்லவில்லை. நிலையமே இல்லாத பரப்பு உலகில் ஏராளம். அங்கே வாழ்பவர்களுக்கு இதைவிட்டால் கணக்கே கிடையாது. ஏஓடியை வளிமண்டலக் கணினி மாதிரியோடு சேர்த்து, தரை நிலையங்களை வைத்துத் திருத்திப் போடும் ஆண்டுச் சராசரி வரைபடங்கள் நல்ல வேலை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தத் திருத்தம் எதுவும் இல்லாத ஒரு நாள் படத்தைக் காட்டி ஊரைக் கலவரப்படுத்தாதீர்கள். அடுத்த முறை படம் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்த நேரம், எந்த உயரம், எவ்வளவு ஈரப்பதம்.

கேள்வி: படத்தில் வெற்றிடமாக இருக்கும் பகுதி சுத்தமான காற்றா?

இல்லவே இல்லை. அங்கே அளவீடு இல்லை, அவ்வளவுதான். பெரும்பாலும் மேகம். சில சமயம் மிக அடர்ந்த புகையையே மேகம் என்று எடுத்து மென்பொருள் நீக்கிவிடும். மோசமான நாளே சராசரியிலிருந்து காணாமல் போகிறது. மாதச் சராசரி போடுமுன் எத்தனை நாள் தரவு இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: இரவில் செயற்கைக்கோள் துகளை அளக்குமா?

சூரிய ஒளியை நம்பும் மோடிஸ் வகை அளக்காது. தானே லேசர் ஒளி பாய்ச்சி அளக்கும் லைடார் அளக்கும், உயரத்தையும் சொல்லும். 2006 முதல் 2023 வரை கலிப்ஸோ செயற்கைக்கோள் செய்தது, 2024-ல் ஏவிய எர்த்கேர் செயற்கைக்கோள் இப்போது செய்கிறது. ஆனால் கோடு போல ஒரு பாதையில் மட்டும்.

கேள்வி: இவ்வளவு கருவி வந்த பிறகும் வடிதாளை எடை போடுவது எதற்கு?

மற்றதையெல்லாம் அதை வைத்துத்தான் சரிபார்க்கிறோம். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் ஒரு நாளில் சுமார் 24 கனமீட்டர் காற்று தாள் வழியே போகிறது. காற்றில் கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம் இருந்தால் தாளில் சேருவது 700 சொச்சம் மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராம்கூட இல்லை. தாளில் விரல் பட்டால் போச்சு. எடை போடுமுன் ஒரு நாள் 30 முதல் 40 சதவீத ஈரப்பதத்தில் கிடத்தி, நிலைமின்னூட்டத்தையும் நீக்க வேண்டும். வெயிலில் வைத்து எடுத்துவந்தால் நைட்ரேட் ஆவியாகிவிடும். இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டு: அதே தாளைப் பகுத்துப் பார்த்தால் சல்பேட், கரி, உலோகம் எவ்வளவு என்று தெரியும், மாசு எங்கிருந்து வருகிறது என்பதையும் தேடலாம்.

கேள்வி: பீட்டா கருவியில் சில மணி நேரம் மைனஸ் எண் வருகிறது. அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். காற்று சுத்தமாக இருக்கும்போது கருவியின் இரைச்சல் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், மேலேயும் போகும். கீழே போனதை மட்டும் நீக்கினால் சராசரி பொய்யாக உயரும். மைனஸ் 20, 30 என்று மணிக்கணக்கில் நின்றால் மட்டும் பூஜ்யத் திருத்தத்தையும், எங்காவது காற்று கசிகிறதா என்பதையும் பாருங்கள்.