தவிடும் பிண்ணாக்கும் நொதியாக: கேள்வி பதில்

அறுவடை முடிந்தால் வைக்கோல் மலைபோல் குவிகிறது. நொதி எடுக்கலாமா ஐயா? (திருவாடானை)

நொதி என்றால் என்சைம்: நுண்ணுயிர் சுரந்து, மாவு, நார் போன்றவற்றை உடைக்கும் புரதம். வைக்கோல் மாட்டுக்கே போகட்டும். அதன் நார்ப்பொருளான செல்லுலோஸை லிக்னின் என்ற கட்டைப்பொருள் இறுகப் பிடித்திருக்கிறது. காரநீரில் ஊறவைத்தோ ஆவியில் வேகவைத்தோ இளக்கினால்தான் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை நன்றாக வளர்ந்து, செல்லுலோஸை உடைக்கும் செல்லுலேஸ் நொதியைத் தரும். புதிதாகத் தொடங்குபவருக்குத் தவிடுதான் நல்லது. ஜப்பானிய வேதியியலர் ஜோகிச்சி தக்காமினே 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையும் கோதுமைத் தவிட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையை வளர்த்து, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் எடுப்பதுதான். நெல் தவிடு தனியாக இருந்தால் களியாகிக் காற்றை அடைக்கும். கொஞ்சம் உமி கலந்துகொள்ளுங்கள்.

தேங்காய்ப் பிண்ணாக்கு? (உச்சிப்புளி)

செக்கில் ஆட்டிய பிண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருக்கும். அந்த எண்ணெயே நுண்ணுயிரை, கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் நொதி சுரக்கத் தூண்டும். பச்சைப் பூசணம் பூத்த பிண்ணாக்கைத் தொடாதீர்கள், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கக்கூடும்.

தட்டில் பரப்பிய தவிடு இரண்டாம் நாளே சுட்டு, புளித்து நாறுகிறது அண்ணா. (கீழக்கரை)

எவ்வளவு கனமாகப் பரப்பினீர்கள் தம்பி? வளரும் பூஞ்சையே வெப்பம் விடும். தவிடு அதை வெளியேற விடாது. நடுவில் சூடேறினால் பூஞ்சை தளரும், பாக்டீரியா புகுந்துவிடும். இரண்டு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். அறை 30 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். நம் ஊர் மதிய வெயிலுக்குத் தகரக் கொட்டகை ஆகாது. ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள்: உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் சேருங்கள். பூஞ்சை விதைக்கும் முன் 121 டிகிரியில் 20 நிமிடம் அழுத்தக் கலனில் அவித்து, ஆறவிடுங்கள். வித்துத்தூள் பறக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

உப்பள மண்ணின் நுண்ணுயிர்களால் தொழிலுக்குப் பயன் உண்டா? (வாலிநோக்கம்)

உண்டு அக்கா. உப்பைத் தாங்கும் பேசில்லஸ் பாக்டீரியா வகைகள் சில, உப்புக் கரைசலிலும் வேலைசெய்யும், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் நொதியைத் தருகின்றன. தோல் பதனிடுவோர் முடி நீக்கச் சோடியம் சல்பைடைக் கொட்டுவதைப் புரோட்டியேஸால் குறைக்கலாம். ஆனால் அந்த நொதி, தோலின் புரதமான கொலாஜனையும் கரைத்தால் தோலே வீணாகும்.

கிலோ என்ன விலைக்குப் போகும்? (தொண்டி)

துணியின் கஞ்சி நீக்க அமைலேஸ் வாங்குபவர் முதலில் கேட்பது, ஒரு கிராமில் எத்தனை யூனிட் (நொதியின் செயல்திறனை அளக்கும் அலகு) என்பதைத்தான். அளந்த தாள் கையில் இல்லாமல் விலை பேசப் போகாதீர்கள்.