நசுங்கிய நரம்புக்கு டிஃப்யூஷன் எம்ஆர்ஐ: கேள்வி பதில்

ரேடியாலஜி முதுகலை மாணவி: சார், மணிக்கட்டிலுள்ள கார்பல் டனல் என்ற குறுகிய வழியில் மீடியன் நரம்பு நசுங்கினால், நீரின் நகர்வை அளக்கும் டிஃப்யூஷன் எம்ஆர்ஐயில் எஃப்ஏ குறையும், ஏடிசி (நீர் நகர்வின் சராசரி அளவு) கூடும் என்று படிக்கிறோம். உள்ளே என்னதான் நடக்கிறது?

நரம்பிழைகள் நெடுக்காகக் கட்டி வைத்தவை. நீர் மூலக்கூறு நெடுக்கே தாராளமாக நகரும். குறுக்கே போனால் ஆக்சான் (நரம்பிழையின் மையத் தண்டு) சுவரும் அதைச் சுற்றிய மையலின் என்ற கொழுப்பு உறையும் மறிக்கும். அந்த ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை சொல்வதுதான் எஃப்ஏ. நசுக்கம் தொடங்கியதும் சிரை ரத்தம் தேங்கி இழைகளுக்கு நடுவே நீர் கோக்கும். நாள்பட்டால் மையலின் சிதையும். இரண்டிலும் குறுக்கு நகர்வு கூடும், எஃப்ஏ இறங்கும். ஆக்சானே அழியும்போது நெடுக்கு நகர்வும் குறையத் தொடங்கும். ஆகவே எஃப்ஏ ஒன்றை மட்டும் பார்த்து ‘மையலின் போய்விட்டது’ என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். வெறும் நீர்க்கோவையாகவும் இருக்கலாம்.

எம்ஆர்ஐ டெக்னீஷியன்: 3 டெஸ்லா மெஷின், ரிஸ்ட் காயில் இருக்கிறது. எந்த அளவுகளில் தொடங்கலாம்?

பி மதிப்பு (நகர்வை எவ்வளவு உணர்வது என்ற அளவு) 1,000, நகர்வை அளக்கும் திசைகள் 20, அவற்றோடு ஒரு பி0 (நகர்வை உணராத படம்). குறுக்குவெட்டில் 1.2 மி.மீ. பிக்சல், 4 மி.மீ. ஸ்லைஸ், பேரலல் இமேஜிங் (ஸ்கேனை வேகப்படுத்தும் முறை) 2. டிஆர் (ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம்) 4,000 மில்லிசெகண்ட், சராசரி (ஒவ்வொன்றையும் எத்தனை தடவை எடுப்பது) 4 என்றால் 21 × 4 × 4 = 336 செகண்ட், அதாவது ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று மேல். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்துக் கையைத் தலைக்கு மேல் நீட்டினால் மணிக்கட்டு காந்தத்தின் நடுவில் வரும், ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) நன்றாக அமையும். ஆனால் அந்த நிலையில் தோள் வலித்துக் கை ஆடத் தொடங்கும். அதனால் டிஃப்யூஷனை லொகலைசர் (இடம் குறிக்க எடுக்கும் முதல் படம்) முடிந்ததும் முதலிலேயே எடுங்கள். டி1, டி2 (வழக்கமான உடற்கூறு படங்கள்) பிறகு ஆகட்டும். விரல்களுக்கு அடியில் பஞ்சு வைத்து டேப் ஒட்டிவிடுங்கள்.

அதே டெக்னீஷியன்: நரம்பின் மேலேயே ஒரு வெள்ளைப் பட்டை விழுகிறது. மறுபடி எடுத்தாலும் போகவில்லை.

அது பெரும்பாலும் அடங்காத கொழுப்பு. 3 டெஸ்லாவில் கொழுப்புக்கும் நீருக்கும் சுமார் 440 ஹெர்ட்ஸ் வித்தியாசம். டிஃப்யூஷனுக்குப் பயன்படும் இபிஐ என்ற அதிவேகப் படமுறையில் ஃபேஸ் திசையில் (படத்தின் ஒரு அச்சில்) ஒரு பிக்சலுக்கு 22 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கிறது என்று வையுங்கள்: கொழுப்பு 20 பிக்சல், அதாவது 24 மி.மீ. தள்ளிப் போய் விழும். தோலடிக் கொழுப்பு நேராக மீடியன் நரம்பின் மேல் வந்து உட்கார அவ்வளவு போதும். ஷிம் பெட்டியை மணிக்கட்டளவுக்குச் சுருக்கி, ஸ்பேர் (SPAIR) என்ற கொழுப்பை அடக்கும் முறையைப் போட்டுப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால் ஸ்டிர் (STIR) என்ற இன்னொரு முறை. சிக்னல் குறையும், சராசரியைக் கூட்ட வேண்டிவரும். ஃபேஸ் திசையை எதிர்ப்பக்கம் திருப்பினால் அந்தப் பட்டையும் எதிர்ப்பக்கம் நகரும். கொழுப்புதான் என்று உறுதி செய்ய அது எளிய வழி.

மாணவி: ஆர்ஓஐ (அளவெடுக்கப் படத்தில் வரையும் வட்டம்) எங்கே, எவ்வளவு பெரிதாகப் போடுவது?

மூன்று இடம்: ரேடியஸும் அல்னாவும் சேரும் கீழ் மூட்டு, பிசிஃபார்ம் மட்டம், ஹேமேட் கொக்கி மட்டம். அளவைச் சொன்னால் திகைப்பீர்கள். நரம்பின் பரப்பு 10 சதுர மி.மீ. என்றால் 1.2 மி.மீ. பிக்சலில் மொத்தமே ஏழு பிக்சல். ஓரத்தை விட்டால் மூன்று, நான்கு மிஞ்சும். டனலுக்குள் தட்டையான நரம்பில் அதுவும் கிடைக்காது. ஓரப் பிக்சலில் கொழுப்பும் தசைநாணும் கலந்திருக்கும். இன்னொன்று: எஃப்ஏ படத்தைப் பார்த்து ஆர்ஓஐ வரையாதீர்கள். கண் தானாகவே பளிச்சென்ற பிக்சலைத் தேடிப் போகும். நோயுற்ற நரம்பும் நல்ல எண் காட்டிவிடும். பி0 அல்லது டி2 படத்தில் வரைந்து எஃப்ஏ படத்துக்கு மாற்றுங்கள்.

இமேஜிங் இயற்பியலாளர்: இரைச்சல் (படத்தில் கலக்கும் தற்செயல் சிக்னல்) எஃப்ஏவை எந்தப் பக்கம் இழுக்கும்?

இரண்டு பக்கமும். அதுதான் ஆபத்து. வெறும் இரைச்சல் பெரிய ஐகன் மதிப்பை (ஒரு முதன்மைத் திசையில் கணக்கிட்ட நகர்வு) மேலும் பெரிதாக்கும், சின்னதை மேலும் சின்னதாக்கும். எஃப்ஏ பொய்யாக ஏறும். ஆனால் இழையின் நெடுக்குத் திசையில் பி 1,000-ல் சிக்னல் ஆறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். அது இரைச்சலின் அடிமட்டத்தைத் தொட்டால் நெடுக்கு நகர்வு குறைவாகக் கணக்காகி எஃப்ஏ இறங்கும். சோதித்துப் பார்க்க, பக்கத்துத் தசையின் எஃப்ஏவை எடுங்கள். 0.2, 0.3 வரவேண்டிய இடத்தில் 0.5 வந்தால் அந்த ஸ்கேனின் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். கை சில்லிட்டிருந்தாலும் ஏடிசி மாறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதத்துக்கு மேல். எஃப்ஏ அவ்வளவாக அசையாது.

மாணவி: எந்த எஃப்ஏவுக்குக் கீழே நோய் என்று சொல்லலாம்?

வேறு மெஷினில் வந்த வரம்பை உங்கள் மெஷினுக்கு ஒட்டாதீர்கள். வயது ஏறினாலும், நரம்பு விரல் பக்கம் இறங்கினாலும் எஃப்ஏ இயல்பாகவே குறையும். பல வயதில் 20 ஆரோக்கியமானவர்களை அதே புரோட்டோகாலில் எடுத்து உங்கள் எண்ணை நீங்களே கட்டுங்கள். டனலுக்கு மேலும் உள்ளேயும் வரும் எண்ணை ஒரே கையில் ஒப்பிடுவது இன்னும் உறுதியானது.

நோயாளி ஒருவர்: ஐயா, இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப் போகின்றன. இந்த ஸ்கேன் எடுக்கணுமா?

முதலில் வேண்டாம். டாக்டர் கையைப் பார்க்கட்டும். பிறகு நரம்புக் கடத்தல் சோதனை, அல்ட்ராசவுண்ட். பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் விடை கிடைத்துவிடும். கட்டைவிரல் அடிச்சதை வற்றினாலோ பொருட்கள் கைநழுவினாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கை அறுவை மருத்துவர்: கார்பல் டனல் ரிலீஸ் (நரம்பை அழுத்தும் லிகமென்ட்டை வெட்டும் அறுவை) செய்து நான்கு மாதம் ஆகியும் குறை போகவில்லை. எஃப்ஏ இன்னும் குறைவு. மறுபடி திறக்கலாமா?

அந்த எண்ணை வைத்து மட்டும் வேண்டாம். ஆக்சான் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் வளரும்; எஃப்ஏ மெதுவாகத்தான் தேறும். ஹேமேட் கொக்கி மட்டத்திலும் அதற்குக் கீழேயும் லிகமென்ட் வெட்டப்படாமல் நிற்கிறதா, தழும்பு நரம்பை இழுக்கிறதா என்று டி1, டி2 படங்களில் தேடுங்கள். அறுவைக்கு முன்பு அதே மெஷினில் எடுத்த ஸ்கேன் இருந்தால் ஒப்பிடலாம்.

நரம்பியல் மாணவர்: அல்நார் நரம்பில் எஃப்ஏ குறைவு. முழங்கை நசுக்கமா, தொழுநோயா?

எஃப்ஏ பிரித்துச் சொல்லாது, இரண்டிலும் இறங்கும். தடிப்பு எங்கே என்று பாருங்கள். நசுக்கம் என்றால் முழங்கைப் பள்ளத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒட்டி நிற்கும். தொழுநோயில் பள்ளத்துக்கு மேலே சில சென்டிமீட்டர் வரை நரம்பு பருத்திருக்கும். உணர்வற்ற தேமல் இருக்கிறதா என்று தோலைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை முடிக்காதீர்கள்.

டெக்னீஷியன்: டிராக்டோகிராஃபியில் (இழைகளின் பாதையைக் கோடாக வரையும் படம்) நரம்பு நடுவில் அறுந்து தெரிகிறதே?

அறுந்தது கோடு, நரம்பு அல்ல. எஃப்ஏ வரம்புக்குக் கீழே போனால் சாஃப்ட்வேர் கோட்டை நிறுத்திவிடும். வரம்பை 0.3-லிருந்து 0.2 ஆக்கினால் பல நேரம் கோடு தொடரும்.