44 வயதில் ஆகனுக்கு வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். 44 வயது, ஜெர்மனியில் ஆகன் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பம் இப்போதைக்கு ஊரில். இந்த வயதில் டாய்ச், அதாவது ஜெர்மன் மொழி, ஏறுமா, வீடு பார்ப்பது எப்படி, குக்கர் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குக்கரைக் கொண்டுவாருங்கள்.

வீட்டு விஷயத்தில் ஒன்றுதான். சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஒப்படைப்புத் தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். என் முதல் வீட்டுக்காரர், தாளித்த வாசனை போகவில்லை, பெயின்ட் அடிக்கணும் என்று சொல்லி அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு தாளும் இல்லை, கேட்க வாயும் இல்லை. இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போனால் வயிறு எரியும்.

அப்புறம் வயது. ஹிரோஷி ஹோகெட்சு என்று ஒரு ஜப்பான்காரர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையில் தடை தாண்டி 40ஆம் இடம். பிறகு கம்பெனி வேலை, பெரிய பதவி. குதிரையை மட்டும் விடவில்லை, குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்கு மாறினார். 1988இல் சியோல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும், நோய்த் தடுப்புக்காகக் குதிரையைத் தனிமைப்படுத்துவதில் வந்த சிக்கலால் போக முடியவில்லை. ஓய்வு பெற்றதும், 60 வயதைத் தாண்டி, மனைவியை ஜப்பானில் விட்டுவிட்டு நம்ம ஆகனுக்கு வந்து பயிற்சியாளரிடம் மாணவராக நின்றார். 2008இல் பெய்ஜிங், 2012இல் லண்டன். அப்போது அவருக்கு 71.

டிரெஸ்ஸாஜில் வேகத்துக்கு மார்க் இல்லை. 60க்கு 20 மீட்டர் களம். குதிரை நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் கால் மாற்றும். மேலே இருப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர்கள் போடுவார்கள். பதவியில் இருந்த மனுஷன் அந்த வயதில் போய் இப்படித் திருத்தம் வாங்கினார். நம்மவர்களோ இருபது வருஷம் இங்கே இருந்தும் ரொட்டிக் கடையில் விரலால் காட்டி வாங்குகிறார்கள். கேட்டால் ஆபீசில் இங்கிலீஷ் போதுமாம், அடுத்த வருஷம் ஊருக்கே போய்விடுவார்களாம்.

நான் 2010இல் வந்தபோது எனக்கு 41. மாலை வகுப்பில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து 'யூ' சொல்லச் சொன்னால் காது சிவந்துவிடும். இப்போது வரி அலுவலகக் கடிதத்துக்கு நானே பதில் எழுதுகிறேன்.

லண்டன் போட்டி நடந்த அன்று கான்டீன் டிவியில் விஸ்பர் என்ற அவருடைய பெண்குதிரை களத்துக்குள் வந்தது. இரண்டு வருஷமாக என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசாத ஒரு ஜெர்மன்காரர், கையில் காபியோடு என் பக்கத்தில் வந்து நின்று, "இவர் நம்ம ஊர் ஆள்" என்றார். நானும் ஏதாவது பேசணுமே என்று, நல்ல குதிரை என்று டாய்ச்சில் சொன்னேன். டாய்ச்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் அதன் பாலைக் காட்ட டேர், டீ, தாஸ் என்று ஒன்று வரும்; நான் குதிரைக்கு 'டேர்' போட்டுவிட்டேன்.

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தாஸ்" என்றார்.