ஹன்லேயில் நட்சத்திரத் தடம்: கேட்டவர்களுக்குப் பதில்

லடாக்கின் ஹன்லேக்கு மூன்று முறை கேமராவோடு போய் வந்திருக்கிறேன். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் படத்தில் வில் வில்லாகக் கோடு போடுவதுதான் நட்சத்திரத் தடம். அதைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, முழு வட்டம் வர எவ்வளவு நேரம் ஆகும்?

பூமி மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது, முழு வட்டத்துக்கு 23 மணி 56 நிமிடம் வேண்டும், ஹன்லேயில் எந்த இரவும் அவ்வளவு நீளமில்லை. இரண்டு மணி நேரம் எடுங்கள், 30 டிகிரி வில் கிடைக்கும், அதுவே வானம் சுழல்வது போலத் தெரியும். சுழற்சியின் நடுவில் தெரியும் துருவ நட்சத்திரம் சென்னையில் 13 டிகிரி உயரத்தில் புழுதியோடு கிடக்கும், ஹன்லேயில் கிட்டத்தட்ட 33 டிகிரி, மலைக்கு மேலே பளிச்சென்று இருக்கும். சரியான துருவத்திலிருந்து அரை டிகிரிக்குச் சற்று மேல் விலகியிருப்பதால் அதுவும் குட்டியாக ஒரு வில் போடும். படத்தைப் பெரிதாக்கித் தேடிப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

செட்டிங் சொல்லுங்கள் சார்.

20 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 1600, 30 நொடி. ரிமோட் பட்டனை அழுத்தியபடியே பூட்டிவிட்டுத் தொடர்ந்து 240 படம். பிறகு கணினியில் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினால் தடம் வரும். வெள்ளை டார்ச் வேண்டாம், சிவப்பு மட்டும்.

பல படங்களை ஒட்டுவது ஏமாற்று வேலை இல்லையா? ஃபிலிமில் ஒரே படமாகத்தானே எடுத்தார்கள்?

இல்லை. ஒட்டும் படங்களில் இருப்பதும் அதே வெளிச்சம்தான். ஷட்டரை இரண்டு மணி நேரம் திறந்தே வைத்தால் சென்சார் சூடாகிப் புள்ளி புள்ளியாக விழும், வானமும் வெளுத்துவிடும், நடுவில் யாராவது ஜீப் விளக்கைப் போட்டால் மொத்தமும் போச்சு. தனித்தனியாக எடுத்திருந்தால் அந்த ஒரு படத்தைச் சரிசெய்தால் போதும்.

ஆனால் படங்களுக்கு நடுவே இடைவெளி விழுமே?

நல்ல கேள்வி. ஒரு நொடியில் நட்சத்திரம் அதிகபட்சம் 15 விகலைதான் (ஒரு டிகிரியில் 3,600 விகலை) நகரும், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் 20 மி.மீ. லென்ஸுக்கு அது கால் பிக்சல், கண்ணுக்கே தெரியாது. கோடு விட்டு விட்டு வந்தால் காரணம் கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் புள்ளிகளைக் கழிப்பதற்காக அது இன்னொரு 30 நொடி இருட்டுப் படம் எடுக்கும், ஏழு பிக்சல் ஓட்டை விழும். முதல் பயணத்தில் ஓர் இரவு முழுக்க எனக்கு அப்படித்தான் வீணானது. கிளம்பும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

ஐஎஸ்ஓ எவ்வளவு?

மேலே இருக்கிறது. இரண்டாவது முறை கேட்கிறார்கள், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

டார்ச் அடித்து முன்னால் இருக்கும் பாறையைக் காட்டலாமா?

வேண்டாம். 2022ல் அந்தப் பகுதியை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், பக்கத்துக் குன்றில் 2 மீட்டர் தொலைநோக்கி வேலை செய்கிறது, ஊர்க்காரர்களே ஜன்னலில் திரை போட்டு வெளிச்சத்தை மறைக்கிறார்கள். பாறை தெரியவேண்டுமா, பிறை நிலா இருக்கும் நாளில் போங்கள்.

அப்பாவை அழைத்துப் போகலாமா? வயது 64.

டாக்டரிடம் கேளுங்கள் தம்பி, நான் சொல்லக் கூடாது. தொலைநோக்கி இருக்கும் இடம் 4,500 மீட்டர் உயரம். யார் போனாலும் முதலில் 3,500 மீட்டரில் உள்ள லே நகரில் இரண்டு மூன்று நாள் தங்கி உடம்பைப் பழக்கியாக வேண்டும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே?

குளிர்தான் காரணம். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். அறைக்குத் திரும்பும் முன் வெளியிலேயே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் எல்லாம் வியர்த்துப்போகும். பைக்குள் தேடும்போதும் சிவப்பு விளக்குதான்.