மூளை ரத்தக்கசிவுக்குப் பின் மீட்சி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் தந்தைக்கு 62 வயது. மூளையில் ரத்தம் கசிந்து நான்கு நாட்களாகியும் கண் திறக்கவில்லை. பிழைப்பாரா?

பதில்: நான்காம் நாளில் இதற்கு உறுதியான பதில் சொல்லவே முடியாது. கசிந்த ரத்தத்தின் அளவு, அது தேங்கிய இடம், மூளையின் உள்ளறைகளுக்குள் பரவியதா என்பது, வயது, மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த நினைவுநிலை ஆகிய ஐந்தையும் வைத்தே கணிக்கிறார்கள். கசிவு 30 மில்லிலிட்டரைத் தாண்டினாலும், மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் மூளைத்தண்டில் ஏற்பட்டிருந்தாலும் ஆபத்து கூடுகிறது. இந்த நோய்க்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பத்தில் நால்வர் முதல் மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் அது பெருங்கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் தந்தை ஒருவருக்கான தீர்ப்பு அல்ல. கசிவைச் சுற்றியுள்ள வீக்கம் முதல் இரண்டு வாரங்கள் வரைகூட இருந்து பின்னரே வடியும். அதுவரை நினைவு மங்கியிருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கப்படுகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முதல் ஓரிரு நாட்களிலேயே நம்பிக்கையிழந்து சிகிச்சையைக் குறைத்ததால், பிழைத்திருக்கக்கூடிய சிலரும் இறக்க நேர்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி: என் கணவருக்கு ஐந்து மாதமாகிறது. கால் ஓரளவு வந்துவிட்டது, வலது கை அசையவில்லை. மூன்று மாதத்துக்குப் பின் முன்னேற்றமே இருக்காது என்கிறார்களே?

பதில்: அது சரியல்ல, அம்மா. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். பிறகு வேகம் குறையுமே தவிர, நின்றுவிடாது. ரத்தக்கட்டி நரம்பிழைகள் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை. சிலவற்றை அழுத்தி ஒதுக்கி மட்டும் வைப்பதால், கட்டி கரைந்ததும் அவை மீண்டும் இயங்கலாம். எனினும், ஐந்தாம் மாதத்திலும் விரல்களில் சிறு அசைவுகூட இல்லையென்றால், கை பழையபடி முழுமையாக வருவது அரிது. அந்தக் கையைப் பிடித்து இழுத்து அவரைத் தூக்காதீர்கள். தளர்ந்த தோள் மூட்டு எளிதில் விலகும். பிசியோதெரபியை விடவே கூடாது.

கேள்வி: ரத்த அழுத்தம் சரியாகிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. மீண்டும் கசிவு வராமல் தடுக்க நம் கையில் இருப்பவற்றுள் முதன்மையானது இதுவே; பொதுவாக 130/80-க்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு.

கேள்வி: அம்மா நடக்கிறார், பேசுகிறார். ஆனால் காரணமின்றி அழுகிறார். பயிற்சிக்கு வர மறுக்கிறார். பிடிவாதமா?

பதில்: பிடிவாதம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மூளை ரத்தக்கசிவும் ஒருவகைப் பக்கவாதம்தான்; பக்கவாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சோகமே இல்லாமல் அழுகை பீறிடுவதும் மூளைக் காயத்தின் விளைவாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, கை கால்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.