4 ஜிபி லாக் கோப்பை எடிட்டரில் திறக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சர்வரிலிருந்து இறக்கிய 4 ஜிபி லாக் கோப்பைத் (நிரல் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் கோப்பு) திறந்தால் கணினியே உறைந்துவிடுகிறது. ரேம் 8 ஜிபி இருக்கிறதே, ஏன் போதவில்லை? இதைத் திறக்க எந்த எடிட்டர் நல்லது?

பதில்: கணக்குப் போட்டால் விளங்கிவிடும். லாக்கில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான். டிஸ்கில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். பல எடிட்டர்கள் ரேமில் ஏற்றும்போது அதை யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்துக்கு மாற்றிவைக்கும். அப்போது எழுத்துக்கு 2 பைட். 4 ஜிபி அந்த இடத்திலேயே 8 ஜிபி ஆகிவிட்டது. வரிக்குச் சராசரி 100 பைட் என்றால் கோப்பில் 4 கோடி வரிகள். ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று குறித்துவைக்க வரிக்கு 8 பைட் போனாலும் இன்னொரு 320 எம்பி. இதற்கு மேல் நிறம் தீட்டுவது, வரி மடிப்பு, அன்டூ. ரேம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்கை ரேம்போலப் பயன்படுத்தத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் உறைநிலை அதுதான்.

கோப்பின் அளவைவிட வரிகளின் எண்ணிக்கை கழுத்தை நெரிப்பதும் உண்டு. விஎஸ் கோட் எடிட்டர் பழைய முறையில் ஒவ்வொரு வரியையும் தனிப் பொருளாக வைத்திருந்தது. வெறும் 35 எம்பி கோப்பு ஒன்றில் 1.37 கோடி வரிகள் இருந்ததால் அதற்கு ஏறத்தாழ 600 எம்பி ரேம் தேவைப்பட்டது. அதனால்தான் 2018-இல், கோப்பை வரிகளாக அல்லாமல் துண்டுகளாக வைக்கும் பீஸ் டேபிள் என்ற அமைப்புக்கு மாறினார்கள். இப்போதும் 20 எம்பியையோ 3 லட்சம் வரிகளையோ தாண்டினால் அது நிறம் தீட்டுவதை நிறுத்திக்கொள்ளும். கோளாறு என்று நினைத்து அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடாதீர்கள்.

சரி, எந்த எடிட்டர்? லாக்கைத் திருத்தப் போகிறீர்களா, படிக்கத்தானே? படிக்க எடிட்டரே வேண்டாம். லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள 'லெஸ்' (less) கட்டளை போதும். திரைக்கு வேண்டிய பகுதியை மட்டும் டிஸ்கிலிருந்து எடுப்பதால் 40 ஜிபியையும் நொடியில் திறக்கும். விண்டோஸில் கிட் ஃபார் விண்டோஸ் நிறுவினால் அதோடு வரும் கிட் பேஷில் லெஸ், கிரெப் (சொல் தேட), ஹெட் (தொடக்கத்தைக் காட்ட), டெயில் (கடைசியைக் காட்ட), செட் (sed, உரையை மாற்றவும் பகுதியை எடுக்கவும்), ஸ்பிளிட் (துண்டாக்க) எல்லாம் இருக்கும்.

லெஸ்ஸைத் திறக்கும்போது மைனஸ் சிறிய என், மைனஸ் பெரிய எஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். முதலாவது வரி எண் கணக்கிடுவதை நிறுத்தும். இரண்டாவது நீள வரிகளை மடிக்காமல் திரையின் ஓரத்தில் வெட்டும். பெரிய ஜி அழுத்தினால் கடைசிக்குப் போகும். 50 என்று அடித்து சதவீதக் குறி போட்டால் கோப்பின் நடுப்பகுதிக்குத் தாவும். பிழை நேற்றிரவு நடந்தது என்றால் தொடக்கத்திலிருந்து தேடாதீர்கள். கடைசிக்குப் போய் கேள்விக்குறி போட்டுப் பின்னோக்கித் தேடுங்கள். ஆம்பர்சாண்ட் குறிக்குப் பின் ஒரு சொல்லை அடித்தால் அந்தச் சொல் உள்ள வரிகள் மட்டும் தெரியும். பெரிய எஃப் அழுத்தினால் லாக் வளர வளரப் புதிய வரிகள் வந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோல் சி நிறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. வேறு கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க்குறி (|) வழியாக லெஸ்ஸுக்கு அனுப்பினால் வந்தது முழுவதையும் அது ரேமில் சேர்த்துக்கொண்டே போகும். சிக்கனம் எல்லாம் கோப்பை நேரடியாகத் திறக்கும்போதுதான்.

எடிட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால்: நோட்பேட்++ இன் 64 பிட் பதிப்பை எடுங்கள், 32 பிட் பதிப்பு 2 ஜிபியைத் தாண்டாது. அமைப்புகளில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் பெரிய கோப்புக்கான வரம்பு 200 எம்பி என்று இருக்கும். அதற்கு மேல் நிறமும் வரி மடிப்பும் அணையும். அப்படியே விடுங்கள். விம் எடிட்டரில் திறப்பதானால் மைனஸ் என் கொடுத்து ஸ்வாப் என்ற தற்காலிகக் கோப்பை நிறுத்துங்கள். மைனஸ் யு போட்டு NONE என்று பெரிய எழுத்தில் கொடுத்தால் உங்கள் பிளகின்களும் குறுக்கே வராது.

கேள்வி: விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-கன்டென்ட் கட்டளை கொண்டு பார்க்கிறேன். மெதுவாக இருக்கிறது; தமிழ் எழுத்தெல்லாம் குழம்பி வருகிறது.

பதில்: இரண்டும் தனித்தனிக் காரணம். கெட்-கன்டென்ட் ஒவ்வொரு வரியையும் ஒரு பொருளாக்கி அனுப்புகிறது. முழுக் கோப்பையும் ஒரு மாறியில் போட்டால் கோப்பைப் போலப் பல மடங்கு ரேம் போகும். டோட்டல்கவுன்ட் 100 என்று கொடுத்தால் முதல் 100 வரிகள், டெயில் 100 என்றால் கடைசி 100. அந்த அளவோடு நிறுத்துங்கள்.

எழுத்துக் குழப்பம் விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பின் பழக்கம். பிஓஎம் (குறியாக்கத்தைச் சொல்லும் தொடக்கக் குறி) இல்லாத யுடிஎஃப்-8 கோப்பை அது பழைய ஆன்சி குறியாக்கம் என்று எடுத்துக்கொள்ளும். என்கோடிங் யுடிஎஃப்8 என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதே பதிப்பில் பெரிதுக்குறி (>) போட்டு வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் யுடிஎஃப்-16 ஆகச் சேமிக்கும். ஆங்கில லாக் இரு மடங்காகும். (தமிழ் நேர்மாறு. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், யுடிஎஃப்-16-இல் 2. சுத்தத் தமிழ்க் கோப்பு இளைத்துப்போகும்!)

கேள்வி: 300 எம்பி ஜேசன் (JSON) தரவுக் கோப்பு ஒன்று. 2 ஜிபி லாக்கைத் திறக்கும் அதே எடிட்டர் இதில் திணறுகிறது.

பதில்: முழுக் கோப்பும் ஒரே வரியாக இருக்கும். வரிகளை எண்ணும் டபிள்யூசி கட்டளையை மைனஸ் எல் போட்டு ஓட்டுங்கள். 0 அல்லது 1 என்று வந்தால் உறுதி. எடிட்டர்கள் வரி வரியாகத்தான் வேலை செய்யும்: அகலம் அளப்பது, நிறம் தீட்டுவது, மடிப்பது எல்லாம். திரைக்கு 50 வரி போதும் என்பதுதான் அவற்றின் தைரியம். இங்கே அந்த ஒரு வரியே 30 கோடி எழுத்து.

ஹெட் கட்டளையில் மைனஸ் சி 2000 கொடுத்து முதல் 2000 பைட்டைப் பாருங்கள், அமைப்பு பிடிபட்டுவிடும். பிறகு ஜேசனைக் கையாளும் ஜேகியூ என்ற கருவிக்கு ஒரு புள்ளியை மட்டும் கொடுத்து ஓட்டி, வெளியீட்டை வேறு கோப்பில் சேமித்தால் அழகாக வரி பிரிந்து வரும். ஜேகியூ முழுக் கோப்பையும் ரேமில் ஏற்றும், அதுவும் கோப்பைப் போலப் பல மடங்கு. 300 எம்பிக்குச் சமாளிக்கலாம். 5 ஜிபி என்றால் ஸ்ட்ரீம் விருப்பத்தோடு ஓட்டவேண்டும்.

மைசீக்வல் டம்ப்பும் (தரவுத்தளத்தை உரையாக எடுத்த பிரதி) இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான். பல பதிவுகளை ஒரே இன்சர்ட் வரியில் அடைத்திருக்கும். ஒரு வரி 1 எம்பி வரை போகும். ஒரே ஒரு டேபிள் வேண்டுமென்றால் கிரெப்பில் மைனஸ் என் போட்டு 'கிரியேட் டேபிள்' என்று தேடுங்கள். எந்த டேபிள் எந்த வரியில் தொடங்குகிறது என்று பட்டியல் வரும். தொடக்க, முடிவு வரி எண்களை செட்டுக்குக் கொடுத்து அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாக எடுங்கள். முடிவு வரியில் கியூ கட்டளையையும் சேர்த்தால் மீதி ஜிபிகளை வீணாகப் படிக்காது.

கேள்வி: ஸ்பிளிட் கொண்டு தமிழ்க் கோப்பைத் துண்டாக்கினேன். துண்டுகளின் ஓரத்தில் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி வருகிறது.

பதில்: மைனஸ் பி போட்டு பைட் கணக்கில் வெட்டியிருக்கிறீர்கள். 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறியீடுகள், 15 பைட். கத்தி 7-வது பைட்டுக்குப் பின் விழுந்தால் இகரக் குறியின் ஒரு பைட் இந்தத் துண்டிலும் இரண்டு பைட் அடுத்த துண்டிலும் போகும். துண்டுகளைத் தொடாமல் கேட் (cat) கட்டளையால் ஒட்டினால் எல்லாம் பழையபடி சரியாகும். ஆனால் ஒரு துண்டை எடிட்டரில் திறந்து சேமித்தீர்களோ, உடைந்த பைட்டுகளின் இடத்தில் கேள்விக்குறி எழுத்து நிரந்தரமாகப் பதிந்துவிடும். மீட்க முடியாது.

மைனஸ் எல் 1000000 என்று வரிக் கணக்கில் வெட்டுங்கள். துண்டின் அளவு முக்கியம் என்றால் ஜிஎன்யு ஸ்பிளிட்டில் மைனஸ் பெரிய சி இருக்கிறது: சொன்ன அளவைத் தாண்டாமல், முழு வரிகளாகவே வெட்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) என்றால் தலைப்பு வரி முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். பிஓஎம்மும் அப்படியே. மேற்கோள் குறிக்குள் வரி முறிவு உள்ள சிஎஸ்வியை ஸ்பிளிட்டால் வெட்டவே வேண்டாம். ஒரு பதிவு இரண்டாகப் பிளந்துபோகலாம்.

கேள்வி: 30 லட்சம் வரி சிஎஸ்வியை எக்செல்லில் திறக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது. முழுதும் ஏறவில்லை என்று எச்சரிக்கும். அதைக் கவனிக்காமல் அதே பெயரில் சேமித்தால் மீதி போயிற்று. போதாக்குறைக்கு முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும், 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களின் வாலைப் பூஜ்யமாக்கிவிடும். சீக்வலைட் என்ற தரவுத்தளக் கருவியில் பயன்முறையை சிஎஸ்வி ஆக்கி, புள்ளி இம்போர்ட் கட்டளையால் புதிய டேபிளில் ஏற்றுங்கள். தலைப்பு வரி நெடுவரிசைப் பெயராகும், பல பதிப்புகளில் எல்லாம் உரையாகவே வரும், எண்கள் சிதையாது.

கேள்வி: 10 ஜிபி கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றவேண்டும். முழுதும் திறக்காமல் முடியாதா?

பதில்: புதுச் சொல்லின் பைட் நீளம் பழையதற்குச் சமமா என்பதைப் பொறுத்தது. சமம் என்றால் எச்எக்ஸ்டி போன்ற, பைட்டுகளையே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, இன்சர்ட் முறையில் அல்லாமல் மேலெழுதும் முறையில் அந்த இடத்திலேயே மாற்றலாம், நொடியில் முடியும். ஒரு பைட் கூடினாலும் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நகரவேண்டும், அதாவது மீதிக் கோப்பை மீண்டும் எழுதவேண்டும். அந்த வேலையை செட்டிடம் விடுங்கள். மைனஸ் ஐ போட்டால் 'அதே கோப்பில்' மாற்றுவதுபோலத் தோன்றும். உள்ளுக்குள் தற்காலிகப் பிரதி எழுதித்தான் பெயர் மாற்றுகிறது. டிஸ்கில் இன்னொரு 10 ஜிபி காலியாக இருக்கவேண்டும். முதல் 1000 வரிகளை ஹெட்டால் தனியே எடுத்து ஒத்திகை பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: லினக்ஸ் சர்வரில் 60 ஜிபி லாக்கை அழித்தேன். டிஸ்க் இடம் ஒரு எம்பிகூடக் கூடவில்லை!

பதில்: அந்த லாக்கை எழுதும் நிரல் அதைத் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போயிற்றே தவிர, கடைசிப் பிடி விடும்வரை இடம் திரும்பாது. நிரலை மறுதொடக்கம் செய்யுங்கள், இடம் வந்துவிடும். எந்த நிரல் என்று தெரியவில்லையா? எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் பிளஸ் பெரிய எல் 1 கொடுத்தால் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும். அடுத்த முறை அழிக்காமல் ட்ரன்கேட் கட்டளையில் மைனஸ் எஸ் 0 கொடுத்துக் காலியாக்குங்கள். பழைய லாக்கை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் லாக்ரொட்டேட் கருவியில் அளவு 100 எம்பி, சுருக்கிவைத்தல் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். நிரலுக்குக் கோப்பை மறுபடி திறக்கத் தெரியாது என்றால் காப்பிட்ரன்கேட்டும் (நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்குவது) சேர்க்கவேண்டும். நகலெடுப்பதற்கும் காலியாக்குவதற்கும் இடைப்பட்ட நொடியில் எழுதப்படும் சில வரிகள் அதில் தொலையலாம்.